புதுக் கப்பலின் முதல் பயணத்தில் போகப் போகிறீர்களா? இப்படித் தயாராகுங்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றின் முதல் பயணத்தில் ஏறுவது, கிரகப்பிரவேசத்தன்றே குடும்பத்தோடு அந்த வீட்டில் தங்குவது மாதிரி. பெயின்ட் வாசனை போயிருக்காது, ஏதோ ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்ட விட்டுப்போயிருக்கும், எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனால் முதல் பால் பொங்குவதைப் பார்க்கிற காலை ஒருமுறைதான் வரும், அதற்காகத்தான் போகிறோம். நான் அப்படி ஒரு முதல் பயணத்தில் ஏழு இரவுகள் இருந்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை வாய்த்தாலும் போவேன். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அங்கே தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு பெரிய விஷயத்துக்குள் போகிறோம் என்று ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ராயல் கரீபியன் கம்பெனியின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. நீளம் 365 மீட்டர், 20 தளங்கள், அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள், எல்லாக் கட்டிலும் நிரம்பினால் 7,600 பேர், அதற்கு மேல் 2,350 ஊழியர்கள். மொத்தம் ஏறத்தாழ 2,48,000 டன் என்று சொல்வார்கள், அது எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கிற இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடுகிற கணக்கு. டைட்டானிக் அதே கணக்கில் 46,000 சொச்சம்தான். ஆக ஒரு சின்ன டவுனை, அதன் குடிதண்ணீர், சாக்கடை, மின்சாரம், சாப்பாட்டுக் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றோடும், ஒரே நாளில் முதன்முறையாக ஆட்களை நிரப்பி ஓட்டிப் பார்க்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் அங்கே நடக்கிற பாதி விஷயத்துக்குக் கோபம் வராது.

தேதியை நம்பாதீர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் பயணத்தின் தேதி தள்ளிப்போகலாம். சிங்கப்பூரிலிருந்து ஓடுவதற்காக டிஸ்னி கம்பெனி வாங்கிய டிஸ்னி அட்வெஞ்சர் கப்பல் 2025 டிசம்பர் 15-ம் தேதி கிளம்புவதாக இருந்தது, கட்டுமான வேலை முடியவில்லை என்று கடைசி நேரத்தில் 2026 மார்ச் 10-க்குத் தள்ளினார்கள். அந்தக் கப்பலின் கதையே நீளம்: ஜெர்மனியின் விஸ்மாரில் குளோபல் ட்ரீம் என்ற பெயரில் வேறொரு கம்பெனிக்காகக் கட்ட ஆரம்பித்து, அந்தக் கம்பெனி நொடித்துப்போய், பாதியில் நின்றதை 2022-ல் டிஸ்னி வாங்கி, மீதி வேலையைப் பிறகு முடித்தது. கியூனார்ட் கம்பெனியின் குயின் ஆன் 2024 ஜனவரியில் கிளம்ப வேண்டியது, மே 3-ம் தேதிதான் சவுத்தாம்ப்டனை விட்டுக் கிளம்பியது. கார்னிவலின் மார்டி கிரா 2020-ல் வர வேண்டியது, கப்பல் கட்டும் இடத்துத் தாமதம், அப்புறம் கொரோனா என்று 2021 ஜூலை கடைசியில்தான் பயணிகளை ஏற்றியது.

டிசம்பர் பள்ளி விடுமுறையைக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தவர்களுக்கு மார்ச் மாதத்தில் என்ன செய்ய முடியும்? பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். அதனால் விடுமுறையை நம்பி மட்டும் முதல் பயணத்தைப் போடாதீர்கள். அறுபதாம் கல்யாணம், அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாள், தேன்நிலவு இதற்கெல்லாம் முதல் பயணம் சரிப்பட்டு வராது. அதற்கு ஆறு மாதம் ஓடிப் பழகின கப்பலைப் பாருங்கள்.

தள்ளிப்போகுமா என்று ஓரளவு மோப்பம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கப்பல் கட்டும் தளத்திலிருந்து கம்பெனி கைக்கு எப்போது வருகிறது, முதல் பயணம் எப்போது என்று இரண்டு தேதியையும் பாருங்கள். ஐகான் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் 2023 நவம்பர் 27 அன்று கை மாறியது, முதல் பயணம் சரியாக இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஜனவரி 10-ம் தேதி மயாமிக்கு வந்து, ஊழியர்களை வைத்து ஒத்திகை பார்க்க நேரம் இருந்தது. இப்படி இடைவெளி இருந்தால் கொஞ்சம் நிம்மதி. இரண்டு வாரம்தான் இடைவெளி என்றால் கப்பலில் எலக்ட்ரீஷியனும் கார்ப்பென்டரும் நம்மோடு சேர்ந்தே பயணம் செய்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் சோதனை, அதாவது கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்ப்பது, முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். அந்தச் செய்தி எப்படியும் பத்திரிகையில் வரும்.

விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், கொஞ்சம் அதிகம் கேட்டாலும் பரவாயில்லை. கப்பல் கம்பெனி பயணத்தை ரத்து செய்தால் கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தரும், ஆனால் நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட்டும் ஹோட்டலும் உங்கள் தலையில்தான் விழும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏஜென்டிடம் நேராக ஒரே கேள்வி கேளுங்கள்: கப்பல் கம்பெனியே தேதியை மாற்றினால் என் விமானக் காசு கிடைக்குமா? பல பாலிசிகளில் கிடைக்காது. எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். டிக்கெட் ஒப்பந்தத்தில் துறைமுகத்தை மாற்றவும் விட்டுவிடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விசா விஷயம் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் ஏறி கரீபியன் தீவுகளைச் சுற்றி அங்கேயே திரும்ப இறங்குகிறீர்கள் என்றால், ஒருமுறை வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள், எனவே பலமுறை நுழையும் விசா வேண்டும். சிங்கப்பூரிலும் அதே கதைதான், கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு வந்தாலும் குடியேற்ற முத்திரையைத் தாண்டித்தான் ஏறி இறங்க வேண்டும். நடுவில் நிற்கிற ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகப் பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

எந்த அறை

ஓடிப் பழகின கப்பல் என்றால் எந்த அறையில் சத்தம், எந்த அறை அமைதி என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். புதுக் கப்பலில் சொல்ல ஆள் கிடையாது, நீங்களேதான் தள வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரம் எளிது: மேல் தளத்திலும் அறைகள், கீழ்த் தளத்திலும் அறைகள் இருக்கிற மாதிரி நடுவில் ஒரு அறையை எடுங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள். தியேட்டருக்கு மேலே எடுத்தால் ராத்திரி பதினொன்று வரை தரை அதிரும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், அது பெரும்பாலும் சமையலறைக் கிடங்காகவோ ஊழியர் வழியாகவோ இருக்கும். குமட்டல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. அவோமின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தலை சுற்றுவதற்கு முன்னாடியே போட வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை.

ஆஸ்துமா, தும்மல், வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்டிப்பாக பால்கனி அறை எடுங்கள். புது கார்ப்பெட், புது மெத்தை, பசை, பெயின்ட் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை முதல் இரண்டு நாள் அறைக்குள் நிற்கும். நான் அறைக்குள் போனதும் முதலில் செய்தது பால்கனிக் கதவைத் திறந்ததுதான். கைப்பிடிக் கம்பியில் நீல நிற பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன், முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பில் உரிந்து வந்தது, கீழே பளபளவென்று எஃகு. என் மனைவி அதில் ஒரு சாண் வெட்டி டைரிக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் இருக்கிறது.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் ஒரு சுற்று சோதனை போடுங்கள்: கழிப்பறைத் தண்ணீர் இழுக்கிறதா (கப்பலில் காற்று உறிஞ்சும் முறைதான், பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு இழுக்க வேண்டும்), வெந்நீர் வருகிறதா, ஏசி மாறுகிறதா, லாக்கர் பூட்டித் திறக்கிறதா, பால்கனிக் கதவு முழுதாகச் சாத்துகிறதா, எல்லா பிளக்கிலும் கரண்ட் இருக்கிறதா. எங்கள் அறையில் குளியலறைக் கதவு சாத்தினாலும் தானாகத் திறந்துகொண்டது. பார்த்தால் தாழ்ப்பாளின் நாக்கு போய் விழுகிற தகடே சட்டத்தில் இல்லை, இரண்டு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் இருந்தது. அறையைக் கவனித்துக்கொள்கிற பையனிடம் சொன்னேன், அவன் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் ஒரு கார்ப்பென்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதே கோளாறை அடுத்த நாள் சொன்னவர்களுக்கு மூன்றாம் நாள்தான் ஆள் வந்தது. முதல் இரண்டு மணி நேரத்தில் சொன்னால் வரிசையில் முன்னால் நிற்பீர்கள், அவ்வளவுதான் விஷயம்.

கைப்பையில் என்ன வைப்பது

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு அறை வாசலுக்கு அனுப்புவார்கள். முதல் பயணத்தில் அது ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை, ஏனென்றால் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அந்த லிஃப்டுகளில் அவர்கள் ஏற்றுவதே முதல் தடவை. எனவே பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி, பிள்ளைகளுக்கு நீச்சல் உடை எல்லாம் கையோடு இருக்கட்டும். கப்பல் கம்பெனியின் செயலியை நம்பி எல்லாவற்றையும் போனிலேயே வைத்திருக்காதீர்கள், புக்கிங் தாள்களைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். எங்கள் கப்பலில் முதல் நாள் மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்ததில் செயலி படுத்துவிட்டது, தாள் வைத்திருந்தவர்கள் சிரமமில்லாமல் உள்ளே போனார்கள்.

சர்ஜ் பாதுகாப்பு உள்ள பவர் ஸ்ட்ரிப், இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில் இதெல்லாம் பெரும்பாலான கப்பல்களில் தடை, தீப்பிடிக்கும் பயம்தான் காரணம். நம்முடைய வட்டக் கம்பி பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். வீட்டில் செய்த பலகாரத்தை உள்ளே விடமாட்டார்கள், கடையில் சீல் வைத்த பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட் பெரும்பாலும் போகும். கரைக்கு இறங்கும்போது பழம், சாப்பாடு எதையும் பையில் எடுத்துப்போகாதீர்கள், பல தீவுகளில் அபராதம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: புக்கிங் செய்யும்போதே எழுதிச் சொல்லுங்கள், அப்புறம் முதல் ராத்திரியே பெரிய உணவகத்துக்குப் போய் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் சொல்லுங்கள். எழுதிச் சொன்னது ஒரு பக்கம், நேரில் சொன்னது ஒரு பக்கம், நேரில் சொன்னதுதான் நடக்கும். பெரிய கப்பல்களில் சமையலறையில் இந்தியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டு சப்பாத்தியும் பருப்பும் செய்து தருவார்கள். எங்கள் மேசைக்கு வந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "அண்ணே, முதல் ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க, எந்தப் பாத்திரம் எங்க இருக்குன்னே இப்பதான் தேடிட்டு இருக்கோம்" என்றார். மூன்றாம் நாள் ரசம் வந்தது. கரண்டியால் ஊற்றவில்லை, ஒரு காப்பிக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார், மிளகு தட்டிப் போட்டது.

ஏறினதும்

முதல் வேலை, பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து நேரத்தில் எங்கே ஒன்றுகூட வேண்டும் என்ற எழுத்து உங்கள் அறை அட்டையில் இருக்கும். ஏழு குறுகிய ஒலி, அப்புறம் ஒரு நீண்ட ஒலி, இதுதான் ஆபத்து அறிவிப்பு. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு அந்த இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. ஆனால் போன இடத்திலிருந்து திரும்பும்போது லிஃப்டில் வராதீர்கள், உங்கள் அறை வரைக்கும் படியில் நடந்து வாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்கு அப்புறம்தான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். புதுக் கப்பலில் ஊழியர்களுக்கே வழி பிடிபட நாள் ஆகும். மடித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற ஊழியர்களை நானே பார்த்தேன். அதனால் உங்கள் வழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, போனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். கரையை விட்டு விலகியதும் கப்பலின் செல் கோபுரம் போனைப் பிடித்துக்கொள்ளும், அந்த ரோமிங் பில் தாங்காது. இணையம் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், ஏறின பிறகு விலை கூடும். இரவுக் காட்சிகள், சிறப்பு உணவகம் எல்லாவற்றுக்கும் முன்பதிவு வீட்டிலேயே செய்துவிடுங்கள், முதல் பயணத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் இதிலேயே ஊறினவர்கள், பதிவு திறந்த அன்றே நிரப்பிவிடுவார்கள். முக்கியமான காட்சியை முதல் இரவுக்குப் போடாதீர்கள். மேடை இயந்திரம் மக்கர் செய்தால் முதல் இரவுதான் ரத்தாகும், நடுவில் போட்டால் சரிசெய்யவும் நேரம் இருக்கும், உங்களுக்கு மாற்று நாளும் கிடைக்கும். சறுக்கு, அலைச்சறுக்கு மாதிரி விளையாட்டுகளுக்குத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற நாளில், மற்றவர்கள் ஊர் பார்க்கப் போன பிறகு போங்கள்.

கிளம்புகிற நேரத்தை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். சாப்பாடு, நீச்சல்குளம் எல்லாம் ஏழு நாளும் இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே மேல் தளத்தில் நகரத்தைப் பார்த்த பக்கத்தில் இடம் பிடியுங்கள். இழுவைப் படகுகள் இரண்டு பக்கமும் வந்து வானத்தைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சும், துறைமுகத்தில் நிற்கிற மற்றக் கப்பல்கள் ஊதும், நம் கப்பல் பதிலுக்கு ஊதும்போது நெஞ்சுக்கூடு அதிரும். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு எஞ்சின் அறை ஊழியர் நின்றிருந்தார், கட்டுகிற காலத்திலிருந்தே இந்தக் கப்பலில் இருக்கிறாராம். ஊதல் அடங்கினதும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரைக்கும் எனக்கு அது ஒரு மிதக்கிற ஹோட்டல்தான்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் இது முதல் வருகை என்பதால் அந்த ஊர்க்காரர்கள் வந்து கேப்டனுக்கு ஒரு நினைவுப் பலகை கொடுப்பார்கள், கீழே மேளதாளம், நடனம் எல்லாம் இருக்கும். எனவே முதல் ஆளாக இறங்கி டாக்சி பிடித்து ஓடாமல், அரைமணி நேரம் கரையில் நில்லுங்கள். ஐகானின் முதல் பயணம் செயின்ட் கிட்ஸின் பாஸ்டெர், செயின்ட் தாமஸின் சார்லட் அமாலி, அப்புறம் கம்பெனி தன் பயணிகளுக்கென்றே வைத்திருக்கிற கோகோகே தீவு என்று போனது. பாஸ்டெர் மாதிரி சின்ன ஊருக்கு அத்தனை ஆயிரம் பேரோடு ஒரு கப்பல் முதன்முறையாக வருவது திருவிழா மாதிரிதான்.

குறை சொல்ல வேண்டியிருந்தால், சேவை மேசைக்குக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், வரிசை வளைந்து வளைந்து நிற்கும். இரவு பதினொன்றுக்கு மேல் போங்கள். அறை எண், தேதி, நேரம், என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதி, போட்டோவோடு கொடுங்கள், என்ன வேண்டும் என்றும் சொல்லுங்கள்: சரிசெய்ய வேண்டுமா, அறை மாற்ற வேண்டுமா, காசு கழிக்க வேண்டுமா. குரலை உயர்த்தாதீர்கள். எதிரில் நிற்கிற பெண் இந்தக் கப்பலைக் கட்டவில்லை, அவர் பல வாரமாக சரியாகத் தூங்கியிருக்கவும் மாட்டார். நன்றாகக் கவனித்த ஊழியரின் பெயரைக் கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். தினக் கட்டணமாகப் பிடிக்கிற அன்பளிப்புப் பணத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவர்களைப் பார்த்தேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சறுக்கு ஓடாததற்குத் துணி மடிக்கிற பையன் என்ன செய்வான்?

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சானிடைசர் மட்டும் போதாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருகிற நோரோ வைரசுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. மூடின இடத்தில் இத்தனை பேர் சாப்பிடும்போது ஒருவருக்கு வந்தால் தளம் தளமாகப் பரவும்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் போட்டுக்கொள்கிற உடுப்பை எடுத்து வைத்துவிட்டு வையுங்கள். இறங்குகிற காலையும் கப்பலுக்கு முதல் தடவைதான். எங்கள் குழுவை ஏழரைக்கு இறக்குவதாகச் சொன்னார்கள், பத்தேகால் ஆனது, குடியேற்ற வரிசை அதற்கு மேல் ஒரு மணி நேரம். பதினொன்றரைக்கு விமானம் வைத்திருந்த ஒரு குடும்பம் பெட்டிகளைத் தேடி ஓடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் விமானம் போடாதீர்கள். முடிந்தால் அன்றிரவு அந்த ஊரிலேயே தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள், சாயங்காலம் துறைமுகப் பக்கம் போனால் அதே கப்பல் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வெளியே போவதைக் கரையிலிருந்து பார்க்கலாம்.